தபாலில் வந்த 25 இலைகள்

நித்தியகல்யாணிச் செடியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. வீட்டு வேலி ஓரத்தில் நிற்கும். கோவில் நந்தவனத்தில் நிற்கும். ரெயில் பாதை ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும். தண்ணீர் ஊற்ற வேண்டியது இல்லை. எரு போட வேண்டியது இல்லை. ஆடு மாடு அதில் வாய் வைக்காது. ஆண்டு முழுவதும் பூக்கும். வெள்ளையாகவும் பூக்கும், இளஞ்சிவப்பாகவும் பூக்கும். சுடுகாட்டு மல்லி என்று சொல்வோரும் உண்டு.

யாரும் பெரிதாக மதிக்காத இந்தச் செடியின் இலையில், புற்றுநோயைக் கொல்லும் மருந்து இருக்கிறது. ரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்த எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்த மருந்து அது.

அந்த மருந்தைக் கண்டவர், அதைத் தேடிப் புறப்படவில்லை. வேறு ஒன்றைத் தேடினார். அது கிடைக்கவில்லை. தோற்றுப்போன அந்த இடத்திலேயே இதைக் கண்டு எடுத்தார்.

அவர் பெயர் டாக்டர் ராபர்ட் நோபிள். கனடா நாட்டுக்காரர். (நோபல் பரிசை ஏற்படுத்திய நோபல் வேறு, இவர் வேறு.) அவருடைய வாழ்க்கை வரலாறு இது.

அண்ணனுக்குக் கிடைக்காத வாய்ப்பு

ராபர்ட் நோபிள் 1910-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி டொரண்டோ நகரில் பிறந்தார். அவருக்குக் கிளார்க் நோபிள் என்று ஓர் அண்ணன் இருந்தார். தம்பியை விடச் சுமார் பத்து வயது மூத்தவர்.

1921-ம் ஆண்டு. கிளார்க் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். அந்தக் காலத்தில் சர்க்கரை வியாதிக்குச் சரியான மருந்து கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு அந்த வியாதி வந்தால் சாவு நிச்சயம். அதற்கு மருந்து காண வேண்டும் என்று பேண்டிங் என்ற இளம் டாக்டர் அங்கே வந்தார். அவருக்கு உதவியாக ஒரு மாணவர் தேவைப்பட்டார்.

இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் சார்லஸ் பெஸ்ட். மற்றவர் கிளார்க் நோபிள். கோடை விடுமுறையில் ஆளுக்குப் பாதி நாள் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள முடிவு செய்தார்கள். முதலில் போவது யார்? ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பெஸ்ட் ஜெயித்தார். முதலில் அவர் போனார்.

பெஸ்ட் வேலையை நன்றாகப் பழகிவிட்டார். அதனால் பாதியில் ஆளை மாற்றவில்லை. கிளார்க்கின் முறை அந்தக் கோடையில் வரவே இல்லை. அவர்கள் கண்ட மருந்துதான் இன்சுலின். பேண்டிங், பெஸ்ட் என்ற இரண்டு பெயர்களும் உலகம் முழுவதும் பரவின.

கிளார்க்கும் பின்னர் அந்தக் குழுவில் சேர்ந்து பாடுபட்டார். ஆனால், அவர் பெயர் வெளியே தெரியவில்லை.

அப்போது ராபர்ட்டுக்கு வயது 11. அண்ணன் கை நழுவவிட்ட அந்த இன்சுலின், முப்பது ஆண்டு கழித்துத் தம்பியைத் தேடி வேறு வேடத்தில் வரப்போகிறது என்பதை அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

தம்பி டாக்டர் ஆனார்

ராபர்ட்டும் டொரண்டோவில் மருத்துவம் படித்தார். 1934-ம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். இங்கிலாந்துக்குச் சென்று லண்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்.

பிறகு கனடாவுக்குத் திரும்பி, மான்டிரியல் நகரில் டாக்டர் காலிப் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். காலிப் சாதாரண ஆள் அல்ல. பேண்டிங் எடுத்த இன்சுலின் சாற்றை, மனிதருக்கு ஊசி போடத் தக்க அளவுக்குச் சுத்தம் செய்து கொடுத்தவர் அவர்தான். ஆக, அண்ணன் வழியாகவும் இன்சுலின் உறவு. குருநாதர் வழியாகவும் இன்சுலின் உறவு.

இரண்டாவது உலகப் போர் வந்தது. போரில் அடிபட்டவர்களில் பலர், காயத்தைத் தாண்டி, உடம்புக்கு ஏற்படும் அதிர்ச்சியாலேயே செத்தார்கள். அது எப்படி என்று அறிய நோபிளும் காலிப்பும் ஓர் உருளையைச் செய்தார்கள். எலிகளை அதற்குள் விட்டு உருட்டி, அதிர்ச்சி உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார்கள். 1942-ம் ஆண்டு அந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு நோபிள்-காலிப் உருளை என்றே பெயர். கப்பலில் போகும் வீரர்களுக்கு வரும் தலைச்சுற்றல், வாந்தி பற்றியும் நோபிள் ஆராய்ந்தார்.

போர் முடிந்தது. 1947-ம் ஆண்டு காலிப் வேறு ஊருக்கு மாறினார். நோபிளும் கூடவே சென்றார். அந்த ஊரின் பெயரும் லண்டன்தான். இங்கிலாந்து லண்டன் அல்ல. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே உள்ள மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நோபிள் ஆராய்ச்சி நடத்தினார்.

தபால் உறை வந்தது

1952-ம் ஆண்டு அண்ணன் கிளார்க்குக்கு ஒரு தபால் வந்தது. ஜமைக்கா தீவில் இருந்து ஒரு டாக்டர் அனுப்பி இருந்தார். உறைக்குள் 25 இலைகள் இருந்தன. நித்தியகல்யாணி இலைகள்.

ஜமைக்காவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இந்த இலையைக் கஷாயம் போட்டுக் குடிப்பது வழக்கம். இன்சுலின் கிடைக்காதபோது இதையே நம்பி இருந்தார்கள். உண்மையில் இதற்கு அந்தச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அந்த டாக்டரின் விருப்பம். இன்சுலின் குழுவில் இருந்தவர் என்பதால் கிளார்க்குக்கு அனுப்பினார்.

கிளார்க் அப்போது ஆராய்ச்சி செய்யவில்லை. தம்பி செய்துகொண்டு இருந்தார். எனவே, இலைகளை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டார்.

எலிகள் செத்தன

நோபிள் இலையில் இருந்து சாறு எடுத்தார். எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. ஒரு மாற்றமும் தெரியவில்லை.

வாயில் கொடுத்தால் வயிற்றில் கெட்டுப் போகலாம். ஆகவே, ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. ஆனால், எலிகள் ஒரு வாரத்துக்குள் செத்து விழுந்தன.

தேடியது கிடைக்கவில்லை. எலியும் செத்துவிட்டது. அநேகமாக இந்த இடத்தில் எல்லோரும் என்ன செய்வார்கள்? இலை விஷம் உள்ளது. மருந்துக்கு ஆகாது என்று குறிப்பில் எழுதுவார்கள். செத்த எலியைத் தூக்கி எறிவார்கள். வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள்.

நோபிள் அப்படிச் செய்யவில்லை. எலி எதனால் செத்தது என்று அறுத்துப் பார்த்தார்.

உடம்புக்குள் பல இடங்களில் சீழ்க்கட்டிகள் இருந்தன. கிருமிகள் பெருகிக் கிடந்தன. நல்ல உடம்பில் சாதாரணமாக இவ்வளவு கேடு செய்ய முடியாத கிருமி அது. இலைச்சாற்றில் கிருமி இருந்ததா? இல்லை. அப்படியானால் அந்தக் கிருமியை உடம்பு ஏன் எதிர்க்கவில்லை?

நம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்கள் உண்டு. வெள்ளை அணுக்கள்தான் காவல்காரர்கள். கிருமி நுழைந்தால் அவை சண்டை போட்டு அழிக்கும். நோபிள் எலியின் ரத்தத்தைச் சோதித்தார். வெள்ளை அணுக்கள் மிக மிகக் குறைந்து இருந்தன. ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் எலும்பு மஜ்ஜை. அதுவும் வறண்டு கிடந்தது.

காவல்காரன் இல்லாத வீட்டில் திருடன் புகுந்த கதைதான் எலிகளுக்கு நடந்தது. எலிகளைக் கொன்றது கிருமி. கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது இலைச்சாறு.

விஷமே மருந்து

இங்கேதான் நோபிளின் புத்தி வேலை செய்தது.

வெள்ளை அணுக்கள் குறைந்தால் ஆபத்து. சரி. வெள்ளை அணுக்கள் கட்டுக்கு அடங்காமல் பெருகுவதும் ஒரு நோய்தானே? அதுதானே ரத்தப் புற்றுநோய்? நல்ல எலிக்கு விஷமாகும் இந்தச் சாறு, அந்த நோயாளிக்கு ஏன் மருந்தாகக் கூடாது?

அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களில் இறந்து போவார்கள். 1948-ம் ஆண்டு அமெரிக்காவில் டாக்டர் ஃபார்பர் ஒரு மருந்து கொடுத்து, சில பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்த குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆனாலும், தணிந்த நோய் மீண்டும் வந்தது. ஒரு மருந்து போதாது. இன்னும் மருந்துகள் வேண்டும் என்று டாக்டர்கள் தவித்துக்கொண்டு இருந்தார்கள்.

நோபிள் சர்க்கரை வியாதியை விட்டுவிட்டார். இலைக்குள் வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் எது என்று தேடத் தொடங்கினார்.

அது சுலபமான வேலை அல்ல. நித்தியகல்யாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட ரசாயனப் பொருள்கள் கலந்து இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தனியே பிரிக்க வேண்டும். அதற்கு ரசாயனம் நன்கு தெரிந்த ஒருவர் வேண்டும்.

கை கொடுத்தவர்

1954-ம் ஆண்டு சார்லஸ் பீர் என்ற ரசாயன நிபுணர் அங்கே வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் பிறந்தவர். மிகுந்த பொறுமைசாலி.

ஜமைக்காவில் இருந்து இலைகளை வரவழைத்தார்கள். சாறு எடுத்தார்கள். அதைப் பல பங்குகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கையும் எலிக்குச் செலுத்தி, வெள்ளை அணுக்களை எண்ணினார்கள். எந்தப் பங்கு வெள்ளை அணுக்களைக் குறைத்ததோ, அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளினார்கள். வைத்துக்கொண்டதை மறுபடியும் பிரித்தார்கள். மறுபடியும் எலி. மறுபடியும் எண்ணிக்கை.

மூட்டை நெல்லில் கிடக்கும் ஒரு கடுகைத் தேடுவது போன்ற வேலை. ஆண்டுக்கணக்கில் நடந்தது. கடைசியில் சுத்தமான பொருள் தனியே பிரிந்து வந்தது. எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இருந்த சிலவகைப் புற்றுக்கட்டிகளை அது அடக்கியது.

1958-ம் ஆண்டு நோபிளும் பீரும் தங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து இந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே, தற்செயலாகக் கண்ணில் படுவதற்கும் மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு என்று குறித்து இருந்தார்கள். எல்லாம் தங்கள் சாமர்த்தியம் என்று பெருமை அடித்துக் கொள்ளவில்லை.

அந்த மருந்துக்கு இப்போது வின்பிளாஸ்டின் என்று பெயர்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் லில்லி என்ற மருந்துக் கம்பெனியிலும் இதே செடியை ஆராய்ந்துகொண்டு இருந்தார்கள். அவர்களும் சர்க்கரை வியாதிக்கு மருந்து தேடித்தான் தொடங்கினார்கள். அங்கே சுவபோடா என்ற நிபுணர், அதே செடியில் இருந்து இன்னொரு மருந்தைப் பிரித்தார். அதன் பெயர் வின்கிரிஸ்டின். 1963-ம் ஆண்டு அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அதுவே பெரும் துணை ஆயிற்று.

எப்படிக் கொல்கிறது?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும். அந்த இரண்டும் நான்கு ஆகும். இப்படித்தான் குழந்தை வளர்கிறது, காயம் ஆறுகிறது. புற்றுநோயில் மட்டும் இந்தப் பெருக்கம் நிற்காது. வேலி தாண்டிய களை போல ஓடிக்கொண்டே இருக்கும்.

உயிரணு பிரியும்போது அதற்குள் மெல்லிய இழைகள் தோன்றும். பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்களை அந்த இழைகள் இரண்டு பக்கமும் இழுத்துச் சமமாகப் பங்கு வைக்கும். மணிகளைக் கோத்து மாலை கட்டுவது போல, ஒருவகைப் புரத மணிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து அந்த இழை உண்டாகிறது.

நித்தியகல்யாணி மருந்து அந்தப் புரத மணிகளைப் பற்றிக்கொள்கிறது. மணிகள் சேர்வது இல்லை. இழை உண்டாவது இல்லை. பாகப்பிரிவினை நடப்பது இல்லை. உயிரணு பிரிய முடியாமல் நடுவழியில் மாட்டிக்கொண்டு தவிக்கிறது.

ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சரி செய்ய முடியாத கோளாறு வந்தால், அது தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய கத்திகள் உள்ளேயே உறங்கிக் கிடக்கும். உத்தரவு வந்ததும் அவை விழித்துக்கொள்ளும். உயிரணுவைத் துண்டு துண்டாக அறுக்கும். அக்கம்பக்கத்து அணுக்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடும். இதற்கு விஞ்ஞானிகள் 1972-ம் ஆண்டு அபொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மாட்டிக்கொண்ட புற்றணுக்களில் பலவற்றுக்கு இந்த முடிவுதான் நேருகிறது.

நோபிளின் எலிகள் செத்த காரணமும் இதிலேயே இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். இலைச்சாறு அந்த வேலையை நிறுத்திவிட்டது. புதிய வெள்ளை அணுக்கள் பிறக்கவில்லை.

மருந்து ஏற்றிக்கொள்ளும் நோயாளிகளுக்குத் தலைமயிர் உதிர்வதும் இதனால்தான். மயிர்க்காலில் உள்ள அணுக்களும் வேகமாகப் பெருகுபவை. நரம்புக்குள்ளும் அதேவகை இழைகள் இருப்பதால், சிலருக்குக் கை கால் விரல்கள் மரத்துப் போவதும் உண்டு. நல்லதையும் கெட்டதையும் முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாத மருந்து இது. அளவு அறிந்து கொடுப்பவர் கையில்தான் இருக்கிறது உயிர்.

பிள்ளைகள் பிழைத்தார்கள்

இந்த மருந்து தனியாக நின்று நோயை ஒழித்துவிடவில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பது போல, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் டாக்டர் பிங்கெல் 1962-ம் ஆண்டு முதல் இந்த முறையைக் கையாண்டார். வின்கிரிஸ்டினும் அதில் ஒன்று. சுப்பாராவ் வழிவந்த மெத்தோட்ரெக்சேட்டும் அதில் ஒன்று. 1970-ம் ஆண்டு வாக்கில் அவரிடம் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தார்கள்.

இன்று வசதியுள்ள நாடுகளில், பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் 90 பேர் பிழைக்கிறார்கள். நிணநீர்க் கணுக்களில் வரும் ஹாட்ஜ்கின் நோய்க்கும் இந்த இரண்டு மருந்துகளும் பயன்பட்டன. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இடம் பெற்று இருக்கின்றன.

கடைசிக் காலம்

1960-ம் ஆண்டு நோபிள், கனடாவின் மேற்குக் கரையில் உள்ள வான்கூவர் நகருக்குச் சென்றார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர் ஆனார். பீரும் அங்கே வந்தார். உடலில் சுரக்கும் ஹார்மோன்களுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நோபிள் எலிகளை வைத்து ஆராய்ந்தார்.

பாராட்டுகள் மெதுவாகத்தான் வந்தன. 1984-ம் ஆண்டு கெய்ர்ட்னர் விருது கிடைத்தது. 1988-ம் ஆண்டு கனடா அரசு விருது கொடுத்துக் கவுரவித்தது. 1990-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி தமது 80-வது வயதில் நோபிள் காலமானார். 1997-ம் ஆண்டு கனடா மருத்துவப் பெருமக்கள் மண்டபத்தில் நோபிள், பீர் இருவர் பெயரும் சேர்க்கப்பட்டன.

அண்ணனுக்கு நாணயம் எதிராக விழுந்தது. அந்த அண்ணன் மனம் கசந்து, வந்த உறையைக் குப்பையில் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் அதைத் தம்பிக்கு அனுப்பினார். தம்பி செத்த எலியைத் தூக்கி எறியாமல் பார்த்தார். இவ்வளவுதான் நடந்தது. இவ்வளவில்தான் இத்தனை பிள்ளைகளின் உயிர் இருந்தது.

வீட்டில் செய்யாதீர்கள்

நித்தியகல்யாணியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. இன்று தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் விவசாயிகள் இதைப் பணப்பயிராகப் பயிரிடுகிறார்கள். இலையும் வேரும் மருந்து தயாரிக்க விலைக்குப் போகின்றன. வேலி ஓரச் செடி அந்த மக்களுக்குச் சோறு போடுகிறது.

அதற்காக, இலையைப் பறித்துக் கஷாயம் போட்டால் புற்றுநோய் போய்விடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்கச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். நோயாளிக்கு அதில் மிகச் சிறிய அளவையே ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள். முதுகுத்தண்டில் தவறி ஏற்றினால் உயிரே போய்விடும். அவ்வளவு கடுமையானது.

சர்க்கரை வியாதிக்காக இந்த இலையையும் பூவையும் மெல்லுவோர் நம் ஊரிலும் உண்டு. இது விஷச் செடி என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.

செடி தெருவில்தான் நிற்கிறது. அதை மருந்தாக்கியது ஆண்டுக்கணக்கான உழைப்பு. அடுத்த முறை வேலி ஓரத்தில் அந்தப் பூவைப் பார்த்தால், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தபாலில் வந்த 25 இலைகளின் கதையைச் சொல்லுங்கள். பூவை மட்டும் செடியிலேயே விட்டுவிடுங்கள்.